உப்புப் போட்ட கஞ்சி

1

"இழப்பையும் நினைவையும் பற்றிய ஒரு மெல்லிய தியானம்."

என் மகள் எழில் எடுத்த குறும்படத்துக்கு, அதைத் திரையிடப் போகிறவர்கள் அச்சடித்த நோட்டீசில் இப்படித்தான் போட்டிருந்தார்கள். முதலில் ஆங்கிலம், பிறகு மலாய், கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியதால் தமிழ். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முள்ளிவாய்க்கால் என்ற பெயர் இல்லை. இனப்படுகொலை என்ற சொல் இல்லை. "உள்நாட்டு மோதல் ஒன்றின் பின்னணியில்" என்று மட்டும் இருந்தது. மோதல் என்றால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் முட்டிக்கொள்வது. என் கணவர் குமரேசன் இங்கே பினாங்கில், ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். மோதின வண்டிகளை நான் தினமும் பார்க்கிறேன்.

"ஆர் பிள்ளை இதை எழுதினது?" என்று கேட்டேன்.

"ஆர்கனைசர்மா. நான் வேற மாதிரிதான் எழுதிக் குடுத்தேன். அவங்க மாத்திட்டாங்க."

"நீ ஏன் விட்டனீ?"

"ஹால் அவங்களுது லா. அந்த வேர்ட் போட்டா பிரச்சினை வருமாம்."

செத்தது நாங்கள், பிரச்சினை அவர்களுக்கு. நோட்டீசைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். எழில் அதை எடுத்து நீவி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவை பால் எடுக்கப் போகும்போதும் அந்த மெல்லிய தியானம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. பெயர் கௌரி. புதுக்குடியிருப்புப் பக்கம். 2009க்குப் பிறகு சில வருடங்கள் முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கிடந்துவிட்டு, பினாங்கில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி மகள் மூலம் குமரேசனைக் கலியாணம் கட்டி இங்கே வந்தேன். எழில் என் முதல் கணவர் தயாபரனுடைய பிள்ளை. வரும்போது அவளுக்கு ஏழு வயது. இப்போது இங்கே ஒரு தனியார் கல்லூரியில் படம் எடுக்கப் படிக்கிறாள். அவள் வாயில் வருவது முழுக்கப் பினாங்குத் தமிழ்.

2

விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ் வரும். ஏறி உட்கார்ந்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வரைக்கும் எல்லோரும் தூங்குவார்கள். எனக்கு மைக்ராஸ்கோப் வேலை. சின்னச் சின்னப் பலகைகள் வரிசையாக வரும், பார்த்துப் பிழை இருந்தால் சிவப்பு ஒட்டி ஒதுக்க வேண்டும். பக்கத்து மேசைப் பெண் புதிதாக வந்த நேரம் கேட்டாள், "அக்கா, நீங்க தமிழ்நாடா?" என்று. இலங்கை என்றேன். "ஓ, போன வருசம் நாங்க டூர் போனோம்கா. பீச் எல்லாம் செம கிளீன்!"

நல்லவள்தான். மத்தியானம் தன் சோற்றில் பாதியைத் தருகிறவள். ஆனாலும் அன்று பார்த்துக்கொண்டிருந்த பலகையைக் கீழே வைத்தேன். அந்தக் கடற்கரைகளில் ஒன்றில் நாங்கள் எப்படிக் கிடந்தோம் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

எழில் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் சந்தோசப்பட்டேன், ஒளிக்கவில்லை. ஒருத்தி சொல்லப் போகிறாள், உரக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் கடலோரம் படப்பிடிப்பு என்றாள். தேத்தண்ணி போட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால், பட்டறையில் வேலை செய்கிறவர்கள், அடுக்குமாடிச் சனங்கள், என்னோடு பஸ்ஸில் வருகிற இரண்டு பெண்கள், எங்கள் எதிர்வீட்டுத் திரேசா அக்கா, எல்லோரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு பால் பேணி, வெறும் தகர டப்பா, கையில். கமெரா ஒரே இடத்தில் நின்றது. யாரும் எதுவும் செய்யவில்லை. குமரேசனும் நின்றார். அவருக்கு முன்னால் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

"அது என்ன பிள்ளை இடைவெளி?"

"அதான்மா படம்."

பிளாஸ்கை மதில் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். என் கைகள் அரிசி கழுவின. எனக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்திருக்கிறாள். கழுவின, கழுவின, கழுவிக்கொண்டே இருந்தன. பிறகு ஒரு பானைத் தண்ணீர். அது கொதிக்கிற வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமாம். நான் மடிக்கணினியை அடித்து மூடினேன்.

"என்ன பிள்ளை இது? ஒரு சனம் அழியுது, நீ தண்ணி கொதிக்கிறதைப் படம் எடுத்து வைச்சிருக்கிறாய். அங்க எது இவ்வளவு ஆறுதலா, மெல்ல மெல்ல நடந்தது சொல்லு! செல் குண்டு வந்து விழ எவ்வளவு நேரம் தெரியுமோ உனக்கு? செத்தவையின்ர பேர் எங்க? அடிச்சவன்ர பேர் எங்க? உன்ர தகப்பன்ர பேர் எங்க?"

"அவர பத்தி எனக்கு என்னம்மா தெரியும்?" அவளும் கத்தினாள். "ஒரு போட்டோ இருக்கா? அவரு மூஞ்சி எனக்குத் தெரியாது! தெரியாதத எப்படி எடுக்கறது?"

அவரு. பக்கத்து வீட்டு மனிதரைச் சொல்வதைப் போல. குமரேசனை அவள் அப்பா என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மழையில் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர், காய்ச்சலில் பக்கத்திலேயே இருந்தவர் அவர்தான். ஆனால் பெற்றவனுக்கு மிஞ்சியது ஒரு "அவரு" மட்டுமா? 

அதற்குப் பிறகு நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. எல்லாம் குமரேசன் வழியாகத்தான். "அம்மாவும் பொண்ணும் பேச மாட்டேங்கறீங்க, நான் நடுவுல போஸ்ட்மேன் ஆயிட்டேன் லா" என்று அவர் சலித்துக்கொண்டார்.

3

நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். உங்களில் பலருக்கு இது உங்கள் கதையும்தான்.

பாதுகாப்பு வலயம் என்று இராணுவத்தார்தான் பெயர் வைத்தார்கள். அதற்குள் போகச் சொன்னார்கள். போனோம். அதற்குள்ளேயே அடித்தார்கள். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கொஞ்ச மணல், அதில் கண்ணுக்கெட்டிய தூரம் தறப்பாள் கூடாரம். பதுங்குகுழி வெட்டினால் தண்ணீர் ஊறும். சேலையைத் தைத்து மண் நிரப்பி மூட்டையாக அடுக்கினோம். நான் கூறைச் சேலையைக்கூட வெட்டினேன்.

சாப்பாடு என்று இருந்தது கஞ்சி மட்டும். கிடைத்த அரிசியில் நிறையத் தண்ணீர் விட்டுப் பெரிய கிடாரத்தில் காய்ச்சி வரிசையில் ஊற்றுவார்கள். முதலில் உப்பு இருந்தது. பிறகு கடலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு உப்பில்லாமல் குடித்தோம். அன்றைக்கு எழில் பசியில் அழவும் மாட்டாமல் முனகிக்கொண்டு கிடந்தாள். தயாபரன் பால் பேணியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, "பிள்ளையைக் குழிக்குள்ளயே வைச்சிரு, நான் கஞ்சி வாங்கிக்கொண்டு ஓடி வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கஞ்சி வரிசையின் மேல் செல் அடித்தார்கள். சனம் பேணியும் சட்டியுமாக நிற்கிற இடம் என்பது மேலிருந்து வண்டைப் போலச் சுற்றிக்கொண்டிருந்த அந்த விமானத்துக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அடித்தார்கள். இதற்கு மோதல் என்று பெயர் வைக்கிறவர்களின் வாயில் மண்தான் விழ வேண்டும்.

அவரை அடக்கம் பண்ண என்னை விடவில்லை. அதற்குள் அடுத்தது விழத் தொடங்கியது. எழிலைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன்.

4

இங்கே வருவதற்குத் தயாபரனின் மரணச் சான்றிதழ் தேவைப்பட்டது. பல வாசல்கள் ஏறி இறங்கி வாங்கினேன். மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் எழுதியவர் "விபத்து" என்று போட்டிருந்தார். நான் செல் என்று சொன்னேன், திரும்பவும் சொன்னேன். "தங்கச்சி, உமக்குக் கடதாசி வேணுமோ, வேண்டாமோ?" என்று கேட்டார் அவர். வேண்டும். பிள்ளையோடு நாட்டை விட்டு வெளியே போக வேண்டும். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த விபத்து என்னோடு கடல் கடந்து வந்தது. விசா புதுப்பிக்கிற போதெல்லாம் அதன் மொழிபெயர்ப்பை நீட்ட வேண்டும். ஒருமுறை கவுண்டரில் ஒரு தமிழ்ப் பையன். முகத்தில் கனிவோடு நிமிர்ந்து, "ரோட் ஆக்சிடெண்டாக்கா? லோரியா?" என்று கேட்டான். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. என் மலாய் அரைகுறை, அவன் தமிழில் பாதி மலாய். எங்கிருந்து தொடங்குவது? "ஓம்" என்று சொன்னேன். "பாவம் லா" என்று முத்திரை குத்தினான்.

அந்த "ஓம்" எனக்குள் இன்னும் எரிகிறது. அப்படிச் சொல்ல வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனபடியால்தான் மகள் வாயால் உண்மைச் சொல் வர வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்டேன். அவளோ எனக்கு ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டுகிறாள்.

5

முள்ளிவாய்க்கால் முடிந்த நாள், மே மாதம் பதினெட்டாம் தேதி, எங்கள் வீட்டில் உப்பில்லாக் கஞ்சிதான். உலகம் முழுக்க நம் சனம் செய்வதுதான் இது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போக முன்னம் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, குமரேசனும் நானும் எழிலும் நின்றபடி குடிப்போம். குமரேசன் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

இந்த வருடம் திரையிடலும் அதே நாளில். படம் முடிந்ததும் வந்தவர்களுக்கு மண்டபத்திலேயே கஞ்சி கொடுக்க வேண்டும் என்று எழில் முடிவு செய்திருக்கிறாள். என்னிடம் கேட்கத் தயங்கி, திரேசா அக்காவிடம் போயிருக்கிறாள்.

திரேசா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதா கோயில் திருவிழா என்றால் நூற்றுக்கணக்கான பேருக்குத் தனியாளாக நின்று சமைக்கிற கை அவருடையது. நான் இங்கே வந்து இறங்கிய வாரம், சமையல் சாமான் எது எங்கே கிடைக்கும் என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியவர். எழிலுக்கு முதல் பள்ளிக்கூடச் சீருடையைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மண்டபம் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடி. போவதில்லை என்றுதான் இருந்தேன். "நீ வரலன்னா அவ உடைஞ்சிடுவா கௌரி" என்று குமரேசன் சொன்னதால் போனேன். படியேறும்போதே வெந்தயமும் பூண்டும் தாளித்த வாசனை மூக்கில் ஏறியது. பின்பக்கச் சமையலறையில் திரேசா அக்கா பெரிய பானைக்கு முன்னால் வியர்த்து நின்றார்.

"வாம்மா கௌரி, வந்து ருசி பாரு! தேங்காப்பால் ஊத்தி, காரட் போட்டு, வெந்தயம் போட்டிருக்கேன். இக்கான் பிலிஸ் தனியா வறுத்து வச்சிட்டேன், மேல தூவிக்கலாம். உப்பு கரெக்டா பாரு."



"அக்கா, ஆர் உங்களை உப்புப் போடச் சொன்னது?"

"எழில் கஞ்சினுதாம்மா சொல்லுச்சு. உப்பு வேணாம்னுச்சு, நான் பச்சப் புள்ளைக்கு என்னா தெரியும்னு…" அவர் அகப்பையோடு நின்றார். "செத்தவங்க பேர்ல குடுக்கறதும்மா. நினைவுப் பூசை முடிஞ்சா நாங்க நல்ல சாப்பாடுதானே போடுவோம். ருசியா இல்லன்னா அவங்களுக்கு மரியாதை இல்லல்ல?"

"ருசியா?" நான் கத்தினேன். மாடி முழுக்கக் கேட்டிருக்கும். "அதுக்காக நிண்டு செத்த மனுசனக்கா அவர்! பச்சைத் தண்ணியில வெந்த அரிசிக்காக! அதுக்கு மேல நெத்தலி தூவப் போறியளோ? எல்லாரும் எல்லாத்தையும் ருசியாக்கித்தான் தாறியள். அவை தியானம் எண்டுகினம், நீங்கள் தேங்காய்ப்பால் விடுறியள்!"

 இத்தனை வருடத்தில் நான் திரேசா அக்காவிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் அடுப்பை அணைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். போய்விட்டார் என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் கீழ்க்கடையிலிருந்து ஓர் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்தபடி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"எவ்ளோ தண்ணி ஊத்தணும்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் போட மாட்டேன். நீ போய்ப் புள்ள படத்தப் பாரு."

அளவு சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

6

நாற்காலிகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. கல்லூரிப் பிள்ளைகள், சில வெள்ளைக்காரர், கடலோரத்தில் நின்ற எங்கள் சனம். விளக்கு அணைந்தது.

என் கைகள் அரிசி கழுவின. தண்ணீர் கொதித்தது. அதற்கப்புறம் நான் பார்த்திராத பகுதி. கமெரா தரையோடு தரையாக, ஒரு சின்னப் பிள்ளை குழிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருந்தது. தூரத்தில் கடல். கடலுக்கு முன்னால் பேணிகளோடு அந்த வரிசை. வரிசை நகர்கிறது, மிக மெதுவாக. ஒவ்வொருவராகப் பேணியோடு கமெராவைத் தாண்டிப் போகிறார்கள். அந்த இடைவெளியும் வரிசையோடு சேர்ந்து நகர்ந்து வருகிறது. அது கிட்ட வருகிறது. குமரேசன் அதை மிதிக்காமல் பின்னால் நடக்கிறார். அருகில் வந்து, கமெராவுக்கு நேரே, அந்த வெற்றிடம் நிற்கிறது. நிற்கிறது. எனக்கு முன்னால் ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். கமெரா நகரவே இல்லை. பிறகு இருட்டு.



கைதட்டினார்கள். ஏற்பாடு செய்த பெண், ஆர்கனைசர் என்று எழில் சொன்னவர், மடிப்புக் கலையாத உடுப்பில் மேடையேறி, கேள்விகள் கேட்கலாம் என்றார். முன்வரிசையில் நல்ல சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பெரியவர் எழுந்தார். "படம் அழகா இருக்கு பாப்பா. ஆனா ரொம்ப ஸ்லோ. கடைசி வரைக்கும் ஒண்ணும் வரலயே? அப்புறம், சண்டைன்னா ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்ல?"

எழில் ஒலிவாங்கியைப் பிடித்தாள். 

"எனக்கு அப்ப நாலு வயசு. ஒரு குழிக்குள்ள உக்காந்திருந்தேன். அவரு கஞ்சி வாங்கிட்டு வரேன்னு போனாரு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. எனக்கு ஞாபகம் இருக்கறது அது மட்டும்தான். அவரு மூஞ்சி இல்ல, குரல் இல்ல. காத்துக்கிட்டு இருந்தது மட்டும் இருக்கு. அது ரொம்ப ஸ்லோவாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் வரலன்னு சொன்னீங்கள்ல? ஆமா. வரல."

அவளுக்கு ஒன்றும் நினைவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நான் நம்பியிருந்தேன். குழிக்குள் முனகிக்கொண்டு கிடந்த பிள்ளை பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். நான் கதறியழுதேன், வாயைப் பொத்திக்கொண்டு.

ஏற்பாட்டாளர் சிரித்த முகத்தோடு ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். அரசியலுக்குள் போகாமல் இழப்பு என்ற பொது அனுபவத்தைப் பற்றிப் பேசலாமே என்றார். எழில் கொடுக்கவில்லை.

"ரெண்டு பக்கம் இல்ல. அந்த லைன்ல பேணியோட நின்னவங்க ஒரு பக்கமும் இல்ல. இது சிவில் வார் படம் இல்ல. நோட்டீஸ்ல போட விடல, அதனால இங்க சொல்றேன்."

சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னாள், மலாயில் சொன்னாள், கடைசியாகத் தமிழில், "இனப்படுகொலை" என்று ஒவ்வோர் எழுத்தாக, தேர்வுக்கு ஒப்புவிக்கிற பிள்ளையைப் போலச் சொன்னாள். ஏற்பாட்டாளரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கைதட்டல் ஒன்றும் வரவில்லை. எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். என் பிள்ளையின் மேல் இருந்ததையும் எடுத்து, அது போய்ச் சேர வேண்டியவர்கள் பக்கம் வைத்தேன்.

ஆனாலும் கவனித்தேன். அத்தனையும் சொன்னவள், அவரு என்றே சொன்னாள்.

வெளியே திரேசா அக்கா கஞ்சியை இறக்கி வைத்திருந்தார். வெள்ளையாக, வெறும் அரிசியும் தண்ணீரும். படம் முழுக்க அவர் அந்தப் பானைக்கு முன்னாலேயே நின்றிருக்கிறார். நான் போய் அவர் பக்கத்தில் நின்று சிரட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஊற்றினார். எழில் வாங்கி ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். பேசாமல் வரிசையாகத்தான் வந்தார்கள், யாரும் சொல்லாமலே.

நல்ல சட்டைப் பெரியவரும் வந்தார். ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கைச் சப்புக்கொட்டி, பானைப் பக்கம் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் இருக்கா பாப்பா?"

பழக்கத்தில் திரேசா அக்காவின் கை உப்புப் பொட்டலத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எழில் அவரை நேராகப் பார்த்தாள்.

"இல்ல அங்கிள். எங்கப்பா நின்ன லைன்லயும் உப்பு இல்ல. குடிங்க."

அவர் குடித்தார்.